நிஜ சைபரும் சொல்லாத சைபரும்

பூவோடு வந்தவர்

கன்டெய்னருக்குப் பூ வைக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டு வந்ததை என் வேலைக் காலத்தில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

"இன்னாம்மா, என் பெட்டி எங்க கீதுன்னு பாத்துச் சொல்றியா? பூ வாடிடப் போவுது."

கேட் கேபின் ஜன்னலுக்கு வெளியே நூர்ஜகான் அக்கா நின்றிருந்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் மொத்தப் பழ வியாபாரம் செய்பவர். ஒரு கையில் இலையில் சுற்றிய மல்லிப்பூச் சரம், இன்னொரு கையில் லட்டு டப்பா. முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"இத்தினி வருசமா மத்தவங்க எறக்குன பழத்த வாங்கித்தான் வித்துகினு இருந்தேன். இது என் பேர்ல வந்த மொத பெட்டி. பூரா ஆப்பிள். நேத்து சாய்ந்தரம்தான் துறைமுகத்துலேர்ந்து இங்க வந்துச்சாம். கதவாண்ட பூவ மாட்டிட்டு, எல்லாருக்கும் லட்டு குடுத்துட்டுப் போறேன். வேற எதுக்கும் உன்ன தொல்ல பண்ண மாட்டேன்."

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டு அது. கப்பலில் இறங்கிய பெட்டிகள் அங்கே வந்து அடுக்கில் உட்காரும். சுங்கச் சோதனை முடிந்ததும் சொந்தக்காரர் எடுத்துக்கொண்டு போவார். அன்று காலைதான் நாங்கள் எழுதிய புது மென்பொருள் அங்கே முதல் முறையாக ஓடத் தொடங்கியிருந்தது. எங்கள் ஆபீஸ் ராயபுரத்தில், மீன் பெட்டி விற்கும் கடைக்கு மேல்மாடி. நிரலை எழுதியவள் நான் என்பதால் என்னைக் கேட் கேபினில் உட்கார வைத்திருந்தார்கள். கோளாறு ஏதாவது வந்தால் திட்டுவதற்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

திட்டும் வேளையும் வந்துவிட்டது. திரையில் குளிர்பெட்டிகளின் வரிசையைத் திறந்தால் பாதிக்குப் பாதி மஞ்சள். ஒவ்வொரு மஞ்சள் வரியிலும் 'குளிர் விவரம்: சொல்லவில்லை. கேட்கவும்' என்று இருந்தது. அந்த விவரம் வராமல் கேட் பாஸ் அச்சாகாது. பாஸ் இல்லாமல் டிரெய்லர் வெளியே போகாது. வெளியே போகாத டிரெய்லர்களுக்குப் பின்னால் உள்ளே வர வேண்டிய டிரெய்லர்கள் நின்றன. ஹாரன் சத்தத்தில் கேபின் கண்ணாடி அதிர்ந்தது.

"கொஞ்சம் பொறுங்க அக்கா, பார்த்துச் சொல்றேன்" என்று நூர்ஜகான் அக்காவை நிழலில் உட்காரச் சொன்னேன். யார்டு மேனேஜர் மைக்கேல் சார் படியேறி வரும் சத்தம் கேட்டது. அவர் கோபமாக இருந்தால் படி தனியாக ஒரு சத்தம் போடும்.

ஒரு சைபர், மூன்று அர்த்தம்

அவர் படியேறி முடிப்பதற்குள் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

குளிர்பெட்டியை யார்டில் 'ரீஃபர்' என்பார்கள். பெட்டியோடு சேர்ந்தே ஒரு குளிர்சாதன இயந்திரம் இருக்கும். யார்டில் இறக்கியதும் மின்சார பிளக் போட வேண்டும். உறைந்த இறால் என்றால் மைனஸ் பதினெட்டு டிகிரி, வாழைப்பழம் என்றால் பதின்மூன்று, ஆப்பிள் என்றால் பூஜ்யம். சில சமயம் குளிர்பெட்டி சும்மா திரும்பிப் போகக் கூடாது என்று அதிலேயே டைல்ஸையோ காகிதத்தையோ ஏற்றி அனுப்புவார்கள். அப்போது இயந்திரத்தை ஓட்ட வேண்டியதே இல்லை.

பழைய மென்பொருளில் வெப்பநிலை என்பது வெறும் ஓர் எண். கட்டத்தைக் காலியாக விட முடியாது. விட்டால் நிரல் அப்படியே செத்து விழும். நல் பாயிண்டர் எர்ரர் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குப் புலம்பும். அதற்குப் பயந்து யாரோ ஒரு புண்ணியவான் 'காலியாக இருந்தால் சைபர் போட்டுக்கொள்' என்று எழுதி வைத்திருந்தார். அவர் யார் என்று நாங்கள் தேடிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. அவருக்கு நல்லதுதான்.

ஆக, சரக்குக்காரருக்காகக் காகித வேலை பார்க்கும் ஏஜென்ட் வெப்பநிலையைச் சொல்லவில்லை என்றால் சைபர். இயந்திரமே ஓட வேண்டாம் என்றாலும் சைபர். நிஜமாகவே பூஜ்யம் டிகிரி வேண்டும் என்றாலும் அதே சைபர்தான். மூன்றும் ஒரே முட்டை. எந்த முட்டைக்குள் என்ன குஞ்சு என்று யாருக்கும் தெரியாது.

இதில் பிளக் போடும் குழுவின் தலைவர் தேவராஜ் அண்ணனின் திருத்தம் வேறு. சைபர் போட்ட பெட்டியைத் தேடிப் போனால் பெரும்பாலும் உள்ளே டைல்ஸ்தான் இருக்கும். வெயிலில் நடந்து நடந்து அலுத்துப்போய், "சைபர்னு கீற பெட்டிய எங்க லிஸ்ட்டுல காட்டாதீங்க சாமி" என்று எப்போதோ கேட்டு வாங்கிவிட்டார். அதன் பிறகு சைபர் என்றால் பிளக் கிடையாது, மின் இணைப்பு உள்ள குளிர்பெட்டி ரேக்கில் இடமும் கிடையாது. நேராக சாதாரண அடுக்கு.

இது பல வருடம் ஒழுங்காகவே ஓடியது. ஏனென்றால் அந்த யார்டுக்குக் குளிர் கேட்டு வந்தவர்கள் எல்லாம் மைனஸ் பதினெட்டு இறால்காரர்கள். பூஜ்யம் டிகிரி சரக்கு ஒன்று வந்து நிற்கும் என்று அங்கே யாரும் நினைத்துப் பார்க்கவே இல்லை.

லோடா, எம்ப்டியா?

புது மென்பொருளை ஃபங்ஷனல் என்கிற வேறொரு நிரல் முறையில் எழுதலாம் என்று நான் சொன்னபோது எங்கள் முதலாளி சம்பத் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா செல்வி, இப்ப இருக்கறதே போதாதா? அதுல அப்படி என்ன விசேஷம்?"

"சார், அதுல 'இல்லை'ங்கறதுக்கு ஒரு இடம் இருக்கு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஆனால் நான் பிடித்த பிடியை விடமாட்டேன் என்று தெரியும். சரி, செய் என்றார்.

நிரல் எழுத வரும் இளைய நண்பர்களே, ஆப்ஷன் என்கிற தரவு வகையைப் பாடப்புத்தகத்தில் படித்தால் கொட்டாவி வரும். யார்டு கேட்டில் நின்று பார்த்தால் உடனே புரியும். எந்த டிரெய்லர் வந்தாலும் கேட்டில் டிரைவரிடம் கேட்கும் முதல் கேள்வி, "லோடா, எம்ப்டியா?" வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பெட்டியும் ஒன்றுதான். ஆனால் லோடு பெட்டிக்கு ஒரு வழி, எம்ப்டிக்கு வேறு வழி. கேட்காமல் யாரும் உள்ளே விடமாட்டார்கள்.

ஆப்ஷன் அதே பெட்டிதான். மதிப்பு உள்ளே இருந்தால் அதற்குப் பெயர் 'சம்'. இல்லாவிட்டால் 'நன்'. பெட்டியைக் கையில் வாங்கும் ஒவ்வொரு ஃபங்ஷனும், அதாவது நிரலின் ஒவ்வொரு துண்டும், லோடா, எம்ப்டியா என்று கேட்டே ஆக வேண்டும். கேட்க மறந்தால், நிரலை ஓடவிடும் முன் சரிபார்க்கும் கம்பைலர் கேட்டை மூடிவிடும். நீங்கள் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் திறக்காது.

பழைய நிரலைப் புது முறைக்குக் கொண்டுவந்து, வெப்பநிலையை ஆப்ஷனாக மாற்றிய அன்று என் திரையில் மேலிருந்து கீழே வரை சிவப்புக் கோடுகள். பக்கத்து மேஜைக்காரர் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கோ ஒரே குஷி. இத்தனை இடத்தில் இத்தனை வருடம் கேட்காமலே ஓட்டியிருக்கிறார்கள் என்று கம்பைலர் விரல் வைத்துக் காட்டுகிறதே! ஒவ்வொரு கோடாக உட்கார்ந்து அழித்தேன். 'உள்ளே இருந்தால் மட்டும் இதைச் செய், இல்லையென்றால் எம்ப்டியாகவே அடுத்த கைக்கு அனுப்பு' என்று சொல்ல 'மேப்' இருக்கிறது. அதை வைத்து எழுதினால் முக்கால்வாசி 'இஃப்' வரிகள் காணாமல் போகும். நிரல் பாதியாக இளைத்துவிட்டது.

ஓர் இடத்தில் மட்டும் இடறியது. 'இயந்திரம் ஓட வேண்டாம்' என்பதையும் நன் என்றே வைத்தால் பழைய சைபர் கதைதான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும். 'வேண்டாம்' என்று ஒருவர் சொல்வதும் பதில்தானே? பதில் வந்துவிட்டது என்றால் அது சம். பதிலே வராததுதான் நன். ஆகவே பெட்டிக்குள் வைக்கும் பொருளை வெறும் எண்ணாக இல்லாமல், 'ஓட்டு, இத்தனை டிகிரியில்' அல்லது 'ஓட்ட வேண்டாம்' என்று இரண்டு வகையாகப் பிரித்தேன். திரையில் மூன்று நிறம் வந்தது. ஓட்டுவதற்குப் பச்சை, ஓட்ட வேண்டாததற்குச் சாம்பல், சொல்லாததற்கு மஞ்சள்.

கடைசியில் பழைய தகவல்களைப் புதியதற்கு மாற்ற வேண்டும். மைனஸ் பதினெட்டு என்று இருந்ததெல்லாம் நேராகப் பச்சைக்குப் போனது. சைபர் என்று இருந்ததை என்ன செய்வது? மூன்றில் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. எனவே எல்லாச் சைபரையும் நன் ஆக்கினேன். யார்டு விழித்ததும் மஞ்சளாக விழித்தது.

"ஒரே ஒரு வரிதானே"

மைக்கேல் சார் உள்ளே வந்தார். ராயபுரத்துக்காரர். நல்ல மனுஷன். ஆனால் கேட்டில் வண்டி நின்றால் அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறும்.

"இன்னாம்மா இது? நேத்து வரிக்கும் நல்லாத்தானே ஓடிகினு இருந்துச்சு? ரோட்டு வரிக்கும் வண்டி நிக்குது. டிராபிக்காரன் வந்து என் கழுத்தப் புடிப்பான். உன் கழுத்தயா புடிப்பான்?"

"சார், இந்தப் பெட்டிங்களுக்குக் குளிர் விவரம் யாரும் சொல்லலை. கேட்டுட்டா உடனே..."

"யார கேக்கறது? எப்ப கேக்கறது? நேத்து சைபர்னு இருந்துச்சுல்ல, அந்த சைபரையே போட்டுத் தொலைம்மா!"

என் போன் அடித்தது. சம்பத் சார். மைக்கேல் சார் படியேறும்போதே அவருக்குப் போன் போட்டிருக்கிறார்.

"செல்வி, ஒண்ணும் பெருசா வேண்டாம். கெட் ஆர் எல்ஸ் சைபர். ஒரே ஒரு வரிதானே? இப்போதைக்குப் போட்டு விடு. கஸ்டமரை வெச்சுக்கிட்டு நாம கொள்கை பேச முடியாது."

கெட் ஆர் எல்ஸ் என்றால், பெட்டிக்குள் இருந்தால் எடு, இல்லாவிட்டால் இதை வைத்துக்கொள் என்று அர்த்தம். அது கெட்டது இல்லை. குறிப்பு எழுதும் கட்டம் காலியாக இருந்தால் காலி வரியையே காட்டு என்று நானே பல இடத்தில் போட்டிருக்கிறேன். ஆனால் வெப்பநிலைக்கு அதைப் போடுவது, டிரைவர் பதில் சொல்வதற்கு முன்பே லோடு என்று நாமே எழுதிக்கொள்வது மாதிரி.

எரிச்சலாக வந்தது. நிரலைத் திறந்து அந்த வரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். வெளியே ஹாரன், காதில் சம்பத் சார், தலைமேல் மைக்கேல் சார். கதவோரத்தில் தேவராஜ் அண்ணன் வேறு வந்து நின்று, "மஞ்ச மஞ்சயா கீதே, மஞ்சத் தண்ணி ஊத்தி வுட்டாங்களா?" என்று கேலி செய்துகொண்டிருந்தார்.

இந்த அமளியில் நூர்ஜகான் அக்கா மறுபடி ஜன்னலுக்கு வந்தார்.

"பாத்தியாம்மா? பூ வாடிகினே வருது."

யாராவது ஒருவருக்காவது நல்ல பதில் சொல்லலாம் என்று பெட்டி எண்ணை வாங்கிப் போட்டேன். மஞ்சள் வரிதான் வந்தது. திரை 'கேட்கவும்' என்றது. சொந்தக்காரரே எதிரில் நிற்கிறார், கேட்டுவிட்டால் போயிற்று.

"அக்கா, உங்க பெட்டிக்கு எத்தனை டிகிரி வெக்கணும்?"

"சைபர்மா. ஆப்பிளுக்கு சைபர்தான். ஏஜென்ட் கைல எழுதியே குடுத்தேனே."

கதவோரத்துக் கேலி நின்றது. தேவராஜ் அண்ணன் உள்ளே ஓர் அடி வைத்தார்.

"இன்னாது? நெஜமாவே சைபரா? உள்ள ஆப்பிள் வெச்சிகினு சைபரா?"

"ஆமாய்யா. வேற எத்தினி வெப்பாங்க?"

"ஐயையோ! சைபர்னா நாங்க பிளக்கே போட மாட்டோமேக்கா!"

நூர்ஜகான் அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். மாலை வந்த பெட்டி. இரவு முழுக்க மின்சாரம் இல்லை. காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளே அவர் பெயரில் வந்த முதல் சரக்கு.

"எங்க கீது என் பெட்டி?" என்றார் மெதுவாக. இந்த முறை பூவைப் பற்றிப் பேசவில்லை.

மேலே ஒரு பெட்டி

சாதாரண அடுக்கில் இருந்தது. அதுவும் அடியில். மேலே இன்னொரு பெட்டி. ரீச் ஸ்டேக்கர் என்று ஒரு ராட்சத வண்டி உண்டு. நீண்ட கையால் கன்டெய்னரை மேலிருந்து பிடித்துத் தூக்கும். அது யார்டின் மறுகோடியில் வேலையாக இருந்தது. மைக்கேல் சார் படியில் இறங்கவில்லை, குதித்தார்.

"பாபு! எல்லாத்தயும் அப்டியே போட்டுட்டு வாடா நைனா! ஆப்பிள் வேவுது!"

ஆபரேட்டர் பாபு கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வண்டியை ஓட்டி வந்த வேகத்தை, அந்த வண்டி செய்த கம்பெனியே நம்பாது. நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம். ஹெல்மெட் இல்லாமல் யார்டுக்குள் போகக் கூடாது என்று நூர்ஜகான் அக்காவைத் தடுத்தவரிடம், "உன்னுத குடு" என்று பிடுங்கி முக்காட்டின் மேலேயே வைத்துக்கொண்டு அவரும் ஓடி வந்தார். மல்லிப்பூ கையிலேயே இருந்தது. போனில் சம்பத் சார், "ஹலோ செல்வி, வரியப் போட்டியா, இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"போடலை சார். ஆப்பிள் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

மேல்பெட்டி தூக்கி நகர்த்தப்பட்டது. அடியிலிருந்த பெட்டி ரேக்குக்கு வந்தது. தேவராஜ் அண்ணன் வயரை இழுத்துக்கொண்டு ஓடிப் பிளக்கைச் செருகினார். இயந்திரத்தின் சின்னத் திரை கண் திறந்தது. உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும் எண் வந்தது.

"நாலர" என்றார் தேவராஜ் அண்ணன்.

"நாலரன்னா இன்னா? போச்சா?" என்று நூர்ஜகான் அக்கா அவர் சட்டையைப் பிடித்தார்.

"போவலக்கா! பெட்டி நல்ல பெட்டி, குளுர உள்ளயே புடிச்சு வெச்சிகினு இருந்துக்குது. மேல ஒரு பெட்டி குந்திகினு இருந்துச்சு பாரு, அதனால வெயிலும் படல. இன்னும் ஒரு பகல் வுட்டிருந்தாத்தான் பேஜாரு."

இயந்திரம் முதலில் இருமியது. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு உறும ஆரம்பித்தது. அதைவிட இனிமையான சங்கீதத்தை நான் எண்ணூர் சாலையில் கேட்டதில்லை. நூர்ஜகான் அக்கா அழுதுகொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே தேவராஜ் அண்ணன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"சைபர்னா பிளக் போட மாட்டாராம்! யாருய்யா உனக்கு வேல குடுத்தது?"

"லட்டு இன்னும் கீதாக்கா?" என்றார் தேவராஜ் அண்ணன், முதுகைத் தடவிக்கொண்டே.

எந்த சைபர் சார்?

கேபினுக்குத் திரும்பியபோது என் திரையில் அந்த ஒரு வரி அப்படியே காத்திருந்தது. மைக்கேல் சார் அதைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, நான் சொன்ன மாதிரி இதப் போட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"மஞ்சள் எல்லாம் போயிருக்கும் சார். கேட்டும் திறந்திருக்கும். அக்காகிட்ட எத்தனை டிகிரின்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

தாடையைச் சொறிந்துகொண்டார். பிறகு மைக்கைப் பிடுங்கினார். யார்டு முழுக்கக் கேட்கும் ஒலிபெருக்கி அது.

"ரீஃபர் பெட்டிக்காரங்க, கிளியரிங் ஏஜென்ட்டுங்க, அல்லாரும் கேட்டாண்ட வாங்க. வர முடியாதவன் போன எடு. சரக்கு இன்னா, எத்தினி டிகிரி, மெஷின் ஓடணுமா வேணாமா, சொல்லிட்டுப் போ. சொல்லாதவன் பெட்டி நவுராது. இது நம்ம புது சிஸ்டம்!"

'நம்ம' புது சிஸ்டம். காலையில் அது என் சனியனாக இருந்தது.

அதன் பிறகு அந்தக் கேபின் திருவிழாக் கூட்டமானது. கையில் இரண்டு போன் வைத்துக்கொண்டு மைக்கேல் சாரே கேட்டார். ஒரு ஏஜென்ட், "எப்பவும் மாதிரி சைபர் போட்டுக்கோங்க சார்" என்று சொல்லியிருக்கிறார். வசமாக மாட்டினார்.

"எந்த சைபர்? ஓடற சைபரா, ஓடாத சைபரா, ஒனக்கே தெரியாத சைபரா? வாயில லட்டு வெச்சிகினு கேக்கறேன், ஒழுங்கா சொல்லு!"

டிரைவர்களும் வண்டியை விட்டு இறங்கி வந்தார்கள். லட்டு கிடைக்கிறது என்ற செய்தி எந்த ஒலிபெருக்கியும் இல்லாமலே போய்விட்டது. ஒவ்வொரு பதிலும் வர வர மஞ்சள் வரிகளில் ஒன்று பச்சையானது, ஒன்று சாம்பலானது. பதில் வந்த வண்டிகள் கிளம்பின. சாப்பாட்டு நேரத்துக்குள் சாலை காலி. கடைசி மஞ்சள் மாறியபோது தேவராஜ் அண்ணன் விசில் அடித்தார். அந்த விசிலுக்காகவே இன்னொரு முறை அந்த நிரலை முதலிலிருந்து எழுதுவேன்.

மாலையில் சம்பத் சார் போன் செய்தார். மைக்கேல் சார் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"செல்வி, அந்த 'இல்லை'ங்கறதுக்கு இடம்னு சொன்னியே..."

"சொல்லுங்க சார்."

"இப்பத்தான் புரியுது. நாளைக்கு எல்லாருக்கும் ஒருதரம் எடுத்துச் சொல்லு. லட்டு நான் வாங்கறேன்."

நறுக்கென்று ஒரு சத்தம்

அடுத்த நாள் சுங்கச் சோதனைக்காகப் பெட்டியின் கதவைத் திறந்தார்கள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, இருந்தாலும் போனேன். தேவராஜ் அண்ணனுக்கும் மைக்கேல் சாருக்கும் கூடத்தான் ஒரு வேலையும் இல்லை. அவர்கள் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள்.

கதவு திறந்ததும் குளிர்புகை வெளியே உருண்டு வந்து எங்கள் காலை நனைத்தது. அதிகாரி ஓர் அட்டைப்பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். நூர்ஜகான் அக்கா ஒரு பழத்தை எடுத்துப் புரட்டினார், முகர்ந்தார், புடவைத் தலைப்பில் துடைத்தார். பிறகு கடித்தார்.

நறுக்.

யார்டின் அத்தனை இரைச்சலிலும் அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. வாயில் பழத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார். மைக்கேல் சார் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். தேவராஜ் அண்ணன், "எனக்கு ஒண்ணு குடுக்கா, டெக்னிக்கலா நானும் செக் பண்ணணும்ல" என்றார். அன்றுதான் புதிதாக வாங்கி வந்த மல்லிப்பூச் சரத்தைப் பூட்டுக் கம்பியில் மாட்டிவிட்டு, பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார் அக்கா. நல்ல மாட்டை வாங்கியவர் தட்டுவது போல இருந்தது.

அந்த யார்டில் அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. யாராவது ஏதாவது கேட்டு, பதில் தெரியவில்லை என்றால், முன்பெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிப்பார்கள். தெரியாது என்று சொல்வது கௌரவக் குறைச்சல். இப்போது தேவராஜ் அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார்: "அது மஞ்சள் சார். கேட்டுட்டு வந்து சொல்றேன்."

இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தெரியாத இடத்தில் எதையாவது வைத்து நிரப்பாதீர்கள். வைத்ததும் அது தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும். அதற்குப் பின் அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். கம்பைலர் கத்தட்டும், மேனேஜர் கத்தட்டும், ஹாரன் அடிக்கட்டும். அந்தக் காலி இடம் இருந்தால்தான் பதில் தெரிந்த யாராவது ஒருவர் ஜன்னலோரம் வந்து நிற்கும்போது அவரிடம் கேட்கத் தோன்றும்.

நூர்ஜகான் அக்கா இப்போது அடிக்கடி பழம் இறக்குகிறார். யார்டில் அவரை எல்லோருக்கும் தெரியும். என் வேலை இப்போது வேறு வேறு யார்டுகளுக்கு எழுதுவது. ஆனாலும் பெட்டி அந்த யார்டுக்கு வந்து சேர்ந்ததும் அவர் எனக்குத்தான் போன் செய்வார். போன வாரமும் செய்தார்.

"செல்வி, இந்த வாட்டி கிவிப்பழம். அதுவும் சைபர்தான். நெஜ சைபர். எதுக்கும் ஒருதரம் பாத்துடு."

திரையைத் திறந்து எண்ணைப் போட்டேன்.

"பச்சையா இருக்கு அக்கா. பிளக்கும் போட்டாச்சு. பூஜ்யத்துல ஓடிக்கிட்டிருக்கு."

"அப்ப சரி" என்றார். "நான் பூ வாங்கிகினு கெளம்பறேன்."